எட்டாம் வகுப்புக் கணிதமும் நவோதயா நுழைவுத் தேர்வும்

புதுச்சேரியில் வாழும் நம் குடும்பங்களில், பிள்ளை ஏழாம் வகுப்பைக் கடந்ததும் பெற்றோர் மனத்தில் எழும் முதல் வினா, ஒன்பதாம் வகுப்பை எப்பள்ளியில் தொடர்வது என்பதே. கட்டணம் செலுத்திச் சேரத்தக்க பள்ளிகள் நகரில் பல உள. தேர்வெழுதித் தகுதியால் மட்டுமே இடம்பெறத்தக்க பள்ளிகள் மிகச் சிலவே. அவற்றுள் நமக்கு அண்மையில் இருப்பது காலாப்பட்டில் இயங்கும் ஜவஹர் நவோதயா வித்யாலயா. இதன் நுழைவுத் தேர்வில் கணிதம் வகிக்கும் இடத்தையும், அதற்குப் பிள்ளைகளை எவ்வாறு ஆயத்தம் செய்யலாம் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி நடுவண் அரசு நாடெங்கும் அமைத்த உண்டுறை பள்ளிகளே நவோதயா பள்ளிகள். புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் ஆகிய நான்கு இடங்களிலும் இவை உள்ளன. உணவு, உறைவிடம், பாடநூல், சீருடை ஆகியவை பள்ளியின் பொறுப்பு. ஒன்பதாம் வகுப்பு முதல் ஒரு சிறு மாதத் தொகை பெறப்படினும், பெண் குழந்தைகளுக்கும் வறுமைக்கோட்டின்கீழ் உள்ளோர்க்கும் அதுவும் இல்லை. தமிழ்நாட்டு அரசு மும்மொழித் திட்டத்தை ஏற்காமையால் அங்கு இப்பள்ளிகள் தொடங்கப்படவில்லை. ஆகவே திண்டிவனத்திலும் வந்தவாசியிலும் உள்ள நம் உறவினர் பிள்ளைகளுக்கு இல்லாத ஒரு வாய்ப்பு, எல்லைக்கு இப்பால் வாழும் நம் பிள்ளைகளுக்கு இருக்கிறது. ‘அண்ணன் பிள்ளையை இங்கு வரவழைத்து விண்ணப்பிக்கலாமா?’ என்று சிலர் கேட்கின்றனர். முகவரியை மட்டும் மாற்றிப் பயனில்லை. எந்த மாவட்டத்துப் பள்ளிக்கு விண்ணப்பிக்கிறோமோ, அம்மாவட்டத்திலுள்ள அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பிள்ளை அவ்வாண்டு பயின்றுகொண்டிருத்தல் வேண்டும்.

இப்பள்ளிக்குள் நுழைய முதன்மையான வாயில் ஆறாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பில் பயிலும்போது எழுதும் அத்தேர்வில் 80 வினாக்கள், 100 மதிப்பெண், இரண்டு மணி நேரம். அறிவுத்திறனுக்கு 40 வினாக்களும், எண்கணிதத்திற்கு 20, மொழிக்கு 20 வினாக்களும் உண்டு. அதனைத் தமிழிலும் எழுதலாம். ஆயின் ஒரு பிள்ளை அதனை ஒருமுறைதான் எழுத இயலும். நகரத்தார் அறிய வேண்டிய செய்தி மற்றொன்றும் உண்டு. மாவட்டத்தின் இடங்களில் குறைந்தது 75 விழுக்காடு ஊரகப் பிள்ளைகளுக்கே உரியது. 80 இடங்களுள்ள பள்ளியெனின் 60 இடங்கள் அவர்க்குரியன. எஞ்சிய 20க்கே நகரப் பிள்ளைகள் போட்டியிடலாம். அவற்றிலும் ஊரகப் பிள்ளைகள் தகுதியால் இடம்பெறத் தடையில்லை. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் ஒரு நாளேனும் நகர்ப்புறப் பள்ளியில் பயின்ற பிள்ளை நகரப் பிள்ளையாகவே கருதப்படும் என்பது விதி. பாகூர்ப் பக்கத்தில் வாழ்ந்துகொண்டு, நல்ல பள்ளி என்று கருதிப் பிள்ளையை நகரத்திற்கு வண்டியில் அனுப்பும் பெற்றோர் இவ்விதியை இரண்டாம் வகுப்பிலேயே அறிந்திருப்பது நன்று.

அவ்வாயில் மூடிய பின்னர் உள்ள இரண்டாம் வாயிலே ஒன்பதாம் வகுப்பு. எட்டாம் வகுப்பில் பயிலும்போது இத்தேர்வை எழுத வேண்டும். காலியாக உள்ள இடங்கள் மட்டுமே நிரப்பப்படுவதால் எண்ணிக்கை ஆண்டுதோறும் மாறும். சில ஆண்டுகளில் மிகச் சிலவாகவும் இருக்கும். இரண்டரை மணி நேரத்தில் 100 வினாக்கள். ஆங்கிலம் 15, இந்தி 15, கணிதம் 35, அறிவியல் 35. ஒவ்வொன்றும் நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்யும் வகையினது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும்.

நம் பிள்ளைகளிற் பலர்க்கு இந்தி புதிது. ஆங்கிலத்தில் எல்லார்க்கும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண் வரும். எனவே இடத்தைப் பெற்றுத் தருவனவும் இழக்கச் செய்வனவும் கணிதமும் அறிவியலுமே. அறிவியலை ஓராண்டில் படித்துப் பிடிக்கலாம். கணிதம் அவ்வாறன்று. ஐந்தாம் வகுப்பில் விட்ட குறை எட்டாம் வகுப்பில் வட்டியோடு வந்து நிற்கும்.

பாடப்பகுதிகள் எட்டாம் வகுப்பின் நடுவண் பாடத்திட்டத்தை ஒட்டியவை: விகிதமுறு எண்கள், வர்க்கமும் வர்க்கமூலமும், கனமும் கனமூலமும், அடுக்குகள், நேர்மாறல், எதிர்மாறல், விழுக்காடு, இலாப நட்டம், தள்ளுபடி, தனிவட்டி, கூட்டுவட்டி, இயற்கணிதக் கோவைகளும் முற்றொருமைகளும், காரணிப்படுத்தல், ஒருபடிச் சமன்பாடு, நாற்கரங்கள், பரப்பளவு, கன அளவு, விவரங்களைக் கையாளுதல். புதுச்சேரி அரசுப் பள்ளிகளின் உயர்வகுப்புகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலிருந்து நடுவண் வாரியப் பாடத்திட்டத்திற்கு 2023-24 கல்வியாண்டு தொடங்கி மாறியதால் நம் பிள்ளைகளுக்கு ஓரளவு எளிமை உண்டாயிற்று. 2025இல் எட்டாம் வகுப்பிற்குக் ‘கணித பிரகாஷ்’ என்னும் புதிய பாடநூல் வந்தது. அதில் பாடங்களின் வரிசையும் சொல்லும் முறையும் மாறியுள்ளன. ஆகையால் அண்ணனோ அக்காளோ பயின்ற பழைய பாடநூல் வீட்டிலிருப்பின் அதனை எடைக்குப் போட்டுவிட வேண்டா. பயிற்சிக் கணக்குகளுக்கு அது இன்னும் நல்ல துணை.

காலம் பற்றிய இடர்ப்பாடும் ஒன்றுண்டு. 2023, 2024, 2025 ஆகிய மூன்றாண்டுகளிலும் இத்தேர்வு பிப்ரவரி மாதத்தில் நடைபெற்றது. பள்ளியிலோ காரணிப்படுத்தலும் கன அளவும் முடிவதற்குள் அம்மாதம் பிறந்துவிடும். பள்ளியின் வேகத்தை மட்டும் நம்பியிருக்கும் பிள்ளை, கற்காத பாடத்திலிருந்து வரும் வினாக்களை எதிர்நோக்க நேரிடும். சூன் திங்களிலேயே தொடங்கிப் பொங்கலுக்குள் அனைத்துப் பாடங்களையும் ஒருமுறை முடித்துவிடுதல் வேண்டும்.

எதிலிருந்து தொடங்குவது? பயிற்சி நிலையங்கள் இயற்கணிதத்திலிருந்து தொடங்குகின்றன. பின்னத்திலிருந்து தொடங்குவதே முறை என்பது என் கருத்து. எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் 5/12, 7/18 ஆகிய இரண்டையும் கூட்டச் சொல்லிப் பாருங்கள். மேலதை மேலதோடும் கீழதைக் கீழதோடும் கூட்டி 12/30 என்று எழுதும் பிள்ளைகள் இன்றும் உளர். அவ்விடையைச் சுருக்கினால் 2/5. அஃதாவது 0.4. ஆனால் 5/12 என்பது மட்டுமே 0.41க்கு மேல். இரண்டைக் கூட்டி வந்த தொகை அவற்றுள் ஒன்றைவிடச் சிறியதாக இருக்க முடியுமோ? இவ்வாறு விடையை அளவால் சோதிக்கும் பழக்கம் ஒன்றே பாதித் தவறுகளைக் களைந்துவிடும்.

வேறு சில பிள்ளைகள் 12ஐயும் 18ஐயும் பெருக்கி 216 எனக் கொண்டு, 90ஐயும் 84ஐயும் கூட்டி 174/216 என்பர். விடை சரியே. ஆனால் அதனைச் சுருக்குவதற்குள் அடுத்த வினாவின் நேரம் போய்விடும். மீச்சிறு பொது மடங்காகிய 36ஐக் கொண்டால், 15/36 உடன் 14/36 சேர்ந்து 29/36 என ஒரே வரியில் முடியும்.

பின்னங்களைக் கூட்ட மீச்சிறு பொது மடங்கைக் கையாளும் இம்முறையை முதன்முதலில் விதியாக வகுத்துரைத்தவர் என அறிஞர் கொள்வது நம் மகாவீராசாரியரை. இராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 850இல், அவர் இயற்றிய கணிதசார சங்கிரகத்தில் இதற்கு ‘நிருத்தம்’ என்று பெயர். இந்நூலை எம். ரங்காசாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்க, 1912இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்டது. கணிதத்தில் நமக்கு அண்டைவீட்டுப் பெருமையும் ஒன்றுண்டு. சக ஆண்டு 380இல், அஃதாவது கி.பி. 458இல், எழுதப்பட்டதாகக் குறிப்புடைய லோகவிபாகம் என்னும் நூல், இடமதிப்பு முறையிலும் சுழியத்தைக் கொண்டும் எண்களைக் கூறும் மிகப் பழைய நூல்களுள் ஒன்று. பிற்காலத்துச் சிம்மசூரியின் வடமொழி நூல் வழியாகவே அது நமக்குக் கிடைத்துள்ளது. அது எழுதப்பட்ட பாடலிகை என்னும் ஊர் கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூரே என்பர். புதுச்சேரியிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரப் பயணம்.

வீட்டில் பாட்டனார் பாட்டியார் இருப்பின் பின்னம் கற்பிக்க இன்னொரு வழியும் உண்டு. பழந்தமிழ்க் கீழ்வாய் எண்களைக் கேளுங்கள். மா என்பது 1/20. காணி என்பது 1/80. இரண்டையும் சேர்த்தால் மாகாணி. அதன் அளவு 1/16. பிள்ளையைக் கணக்கிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 1/20 என்பது 4/80, அதனோடு 1/80 சேர 5/80, சுருக்கினால் 1/16. மீச்சிறு பொது மடங்கின் பாடம் ஒரே சொல்லில் அடங்கியிருக்கிறது! அவ்வாறே கால் என்பதில் பாதி அரைக்கால், 1/8. பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கினால் தொகை குறையும் என்பதைப் பிள்ளைகள் நம்ப மறுப்பர். அரைக்கால் என்னும் சொல் அதனை நம்ப வைக்கும்.

பின்னம் கைவந்த பிள்ளைக்கு விழுக்காடு எளிது. ஆயினும் இப்பகுதியில்தான் வினாவமைப்போர் கண்ணிகளை வைப்பர். நேரு வீதிக் கடையொன்றில் 1000 ரூபாய்ச் சேலையின் விலையை 20 விழுக்காடு உயர்த்திப் பின்னர் 20 விழுக்காடு தள்ளுபடி தருகின்றனர் எனக் கொள்வோம். விலை மாறவில்லை என்று பிள்ளை விடை குறிக்கும். உயர்த்திய பின் விலை 1200. அதில் 20 விழுக்காடு 240. விற்கும் விலை 960. நாற்பது ரூபாய், அஃதாவது 4 விழுக்காடு குறைந்தது. ‘எதன்மேல் விழுக்காடு?’ என்னும் வினாவை ஒவ்வொரு முறையும் கேட்கப் பழக்குதல் வேண்டும்.

இதனையே திருப்பியும் கேட்பர். 800 ரூபாய்க்கு வாங்கிய பொருளுக்கு 20 விழுக்காடு தள்ளுபடி தந்த பின்னும் 20 விழுக்காடு இலாபம் வேண்டுமெனின் குறித்த விலை யாது? இருபதும் இருபதும் நாற்பது என்று கூட்டி 1120 என்பது தவறான வழி. 1120இல் 20 விழுக்காடு கழித்தால் 896. இலாபம் 96, 12 விழுக்காடே ஆயிற்று. முறையான வழி இது: இலாபத்துடன் விற்கும் விலை 960. அது குறித்த விலையில் 80 விழுக்காடு. ஆகவே குறித்த விலை 1200. நம் சமூகத்தில் வாணிகம் செய்யும் இல்லங்களில் இக்கணக்கைத் தந்தையார் வாய்க்கணக்காகவே சொல்லிவிடுவார். கடையில் அமர்ந்து ஒரு மாலைப்பொழுது அவரிடம் கற்பது, பயிற்சி நிலையத்தில் ஒரு வாரம் கற்பதற்கு ஈடாகும்.

எதிர்மாறலுக்கு வருவோம். பாகூரில் ஒரு வயலை 12 பேர் 6 நாளில் நடவு செய்து முடிப்பர். இரண்டு நாள் கழிந்ததும் நால்வர் வரவில்லை. எஞ்சிய வேலை இன்னும் எத்தனை நாளில் முடியும்? விடைகளாக 4, 6, 8, 9 எனத் தந்திருப்பர். ஆள்நாள் கணக்கே இதற்கு உயிர். மொத்தம் 72 ஆள்நாள். முடிந்தது 24. எஞ்சியது 48. எட்டுப் பேருக்கு 6 நாள். இதில் மற்ற மூன்று விடைகளும் எங்கிருந்து வந்தன என்பதைப் பிள்ளையே கண்டறியச் செய்ய வேண்டும். நால்வர் வராததை மறந்தால் 4 வரும். முடிந்த வேலையைக் கழிக்க மறந்தால் 72ஐ 8ஆல் வகுத்து 9 வரும். வினாவைச் சரியாகப் படிக்காமல் தொடக்கம் முதல் எண்ணினால் 8 வரும். தவறான விடைகள் ஏதோ ஒன்றாக வைக்கப்படுவதில்லை. பிள்ளை எங்கே வழுக்கும் என்று அறிந்தே வைக்கப்படுகின்றன. மாதிரி வினாத்தாளைத் திருத்தும்போது, விட்ட வினா ஒவ்வொன்றிற்கும் ‘இந்தத் தவறான விடை எப்படி வந்தது?’ என ஒரு வரி எழுதச் செய்யுங்கள். ஐந்து தாள்களை இப்படித் திருத்துவது, ஐம்பது தாள்களை எழுதிக் குவிப்பதினும் பயன் தரும்.

இயற்கணித முற்றொருமைகளைப் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிப்பர். பயன்படுத்த வேண்டிய இடத்தில் மறந்துவிடுவர். 103ஐ 97ஆல் பெருக்கச் சொன்னால் நீள்பெருக்கல் செய்வர். இது 100இன் வர்க்கத்திலிருந்து 3இன் வர்க்கத்தைக் கழிப்பதே. 10000இலிருந்து 9 போக 9991. 998இன் வர்க்கமும் அவ்வாறே 1000000 − 4000 + 4 = 996004. x + 1/x = 5 எனின் x² + 1/x² யாது என்பது அடிக்கடி காணும் வினா வகை. இருபுறமும் வர்க்கம் செய்து 25இலிருந்து 2ஐக் கழித்தால் 23. இங்கு x இன் மதிப்பைத் தேடிப் புறப்பட்ட பிள்ளை திரும்பி வாராது.

வட்டிக் கணக்கில் ஒரு குறுக்குவழி. இரண்டாண்டிற்குக் கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வேறுபாடு, முதலாண்டு வட்டியின்மேல் வரும் ஓராண்டு வட்டியே. 10000 ரூபாய்க்கு 10 விழுக்காடு எனின் முதலாண்டு வட்டி 1000. அதன்மேல் 10 விழுக்காடு 100. அதுவே விடை. காரணம் புரிந்து கொள்ளும் குறுக்குவழி நினைவில் நிற்கும். வாய்பாடாக மட்டும் ஏற்றியது தேர்வறையில் கைவிடும்.

பரப்பளவு, கன அளவு வினாக்களில் எண்களைப் போடுவதற்கு முன் உறவைக் காணுதல் வேண்டும். உருளையின் ஆரத்தை இருமடங்காக்கி உயரத்தைப் பாதியாக்கினால் கன அளவு மாறாது என்று பலர் எண்ணுவர். ஆரம் வர்க்கமாக வருவதால் நான்கு மடங்கு, உயரம் பாதி, ஆகவே கன அளவு இருமடங்கு. மூலைவிட்டங்கள் 16, 12 உள்ள சாய்சதுரத்தின் பரப்பு 96. அதன் பக்கம் கேட்டால், மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று செங்கோணத்தில் இருசமமாக வெட்டும் என்பதால் 8, 6, 10 என்னும் செங்கோண முக்கோணம் தோன்றும். பக்கம் 10, சுற்றளவு 40.

நேரத்தைப் பங்கிடுதலும் கணக்கே. 150 நிமிடத்தில் 100 வினாக்கள் எனின் ஒன்றுக்கு 90 விநாடி. கணிதத்திற்கு 60 நிமிடம் ஒதுக்கினால் ஒரு வினாவிற்கு ஏறத்தாழ 103 விநாடி கிடைக்கும். எஞ்சிய 65 வினாக்களுக்கு 83 விநாடி வீதம் அமையும். மொழியும் அறிவியலும் அதற்குள் அடங்கும். இரண்டு நிமிடத்திற்கு மேல் ஒரு கணக்கில் நிற்கலாகாது. மதிப்பெண் குறைப்பு இல்லாமையால் எவ்வினாவையும் வெற்றிடமாக விடவும் கூடாது. தெரியாத 8 வினாக்களுக்கு ஊகித்துக் குறித்தாலும் சராசரியாக இரண்டு சரியாக அமையும். இரண்டு விடைகளை நீக்க முடிந்தால் நான்கு அமையும்.

தமிழ்வழியில் பயிலும் பிள்ளைகளின் நிலை தனியே கருதத்தக்கது. கணக்குத் தெரிந்தும் வினா புரியாமையால் இடம் இழப்போர் அவர்களே. பகுதியை டினாமினேட்டர் என்றும், தொகுதியை நியூமரேட்டர் என்றும், சுற்றளவைப் பெரிமீட்டர் என்றும், குறித்த விலையை மார்க்டு பிரைஸ் என்றும், எதிர்மாறலை இன்வர்ஸ் புரப்போர்ஷன் என்றும், சாய்சதுரத்தை ராம்பஸ் என்றும் அறிந்திருத்தல் வேண்டும். இவ்வாறு ஏறத்தாழ நூறு சொற்கள் போதும். நாளொன்றுக்கு இரண்டு வீதம் ஒரு குறிப்பேட்டில் தமிழும் ஆங்கிலமும் அருகருகே எழுதிவரின் இரண்டு திங்களில் முடியும். இதற்காகப் பிள்ளையைப் பள்ளி மாற்ற வேண்டியதில்லை. தமிழில் தெளிவாகப் புரிந்த கணக்கு எம்மொழியிலும் வரும்.

இந்த உழைப்பு ஒரே தேர்வோடு முடிவதுமன்று. சைனிக் பள்ளிகளின் ஒன்பதாம் வகுப்பு நுழைவுத் தேர்வில் மொத்தம் 400 மதிப்பெண்ணில் கணிதத்திற்கு மட்டும் 200. நமக்கு அண்மையிலுள்ள பழைய சைனிக் பள்ளி உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதி நகரில் 1962இல் தொடங்கப்பட்டது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் பயிலும், குறைந்த வருவாயுள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உரிய தேசிய வருவாய்வழித் திறன் உதவித்தொகைத் தேர்விலும் இதே கணிதம் உண்டு. வெல்வோர்க்கு ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டிற்கு 12,000 ரூபாய். காலாப்பட்டில் காலியிடம் ஒன்றிரண்டே இருக்கும் ஆண்டில் இத்தேர்வுகளையும் சேர்த்து எழுதுவதே அறிவுடைமை.

விண்ணப்பிக்குமுன் இல்லத்தில் பேசி முடிவு செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. இது விடுதிப் பள்ளி. பொழுது சாய்ந்தபின் உண்ணாத வழக்கமும் கிழங்கு வகைகளை நீக்கும் வழக்கமும் உள்ள இல்லத்தினர், உணவு நேரம், சமையல் முறை ஆகியவற்றைப் பள்ளியிலேயே நேரிற் கேட்டறிந்து, பிள்ளையின் விருப்பத்தையும் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். தேர்வில் வென்ற பிறகு ‘அனுப்பமாட்டோம்’ என்று சொல்வது, ஓராண்டு உழைத்த பிள்ளைக்குப் பெரிய மனவருத்தம் தரும்.

கீழ்வரும் கணக்குகளைப் பிள்ளைகள் தாளை மூடி வைத்துக்கொண்டு, பத்து நிமிடத்திற்குள் செய்து பார்க்கலாம்.

1. 7/15 உடன் 8/25ஐக் கூட்டுக.
2. எண்ணெய் விலை 25 விழுக்காடு உயர்ந்தது. செலவு பழையபடியே இருக்க, பயன்படுத்தும் அளவை எத்தனை விழுக்காடு குறைக்க வேண்டும்?
3. 15 பேர் 8 நாளில் முடிக்கும் வேலையில், 3 நாள் கழிந்ததும் மேலும் 10 பேர் சேர்ந்தனர். எஞ்சிய வேலை எத்தனை நாளில் முடியும்?
4. x − 1/x = 4 எனின் x² + 1/x² யாது?
5. 180ஐ எந்த மிகச் சிறிய எண்ணால் பெருக்கினால் முழு வர்க்கம் ஆகும்?
6. 8000 ரூபாய்க்கு 5 விழுக்காடு வீதம் இரண்டாண்டில் கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வேறுபாடு யாது?
7. ஆரம் 7 செ.மீ., உயரம் 10 செ.மீ. உள்ள உருளையின் கன அளவு யாது?

விடைகள்: 1) 59/75. 2) 20 விழுக்காடு. 3) 3 நாள். 4) 18. 5) 5. 6) 20 ரூபாய். 7) 1540 கன செ.மீ.